முதிர்ந்தது மீண்டும் குருத்தாகுமோ?

(திருவண்ணாமலையில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதைக்கும் காப்பியத்திற்கும் உரிய இவ்வரங்கில் உயிரணுவைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். அறிவியல் செய்திகளை அறிவியலார் சொல்லட்டும், கவிஞர்க்கு அதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். வேலை உண்டு. புதிய பொருள் ஒன்று உலகில் தோன்றும்போது அதற்குப் பெயர் வேண்டும். பெயரைத் தமிழறிந்தார் வைக்கவில்லையென்றால் வணிகர் வைத்துவிடுவர். வணிகர் வைத்த பெயரில் விலை இருக்கும், பொருள் இராது. இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருளுக்கு அந்த ஆபத்து மிகவும் உண்டு.

குருத்து என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'ஸ்டெம் செல்' எனப்படுவதைத் தமிழில் தண்டணு என்றும், மூல உயிரணு என்றும், ஆதார செல் என்றும் பலவாறு எழுதி வருகின்றனர். இவற்றுள் பொருளோடு ஒட்டி நிற்பது குருத்தணு என்னும் சொல்லே. தண்டு தாங்கும், ஆனால் புதியதை ஈனுவது குருத்து. வாழையின் ஒவ்வோர் இலையும் நடுவில் சுருண்டு நிற்கும் குருத்திலிருந்தே விரிகிறது. பனைக்கும் தென்னைக்கும் உச்சியில் ஒரே குருத்துதான். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து, அது முற்றும் அழுகிவிட்டால், தண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மரம் நின்றபடியே பட்டுப்போகும். இது உழவர் அறிந்த செய்தி.

மனித உடலும் அத்தகையதே. உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்று கணக்கிடுகின்றனர். அவை இருநூறுக்கும் மேற்பட்ட வகையின. குருதியின் செவ்வணு ஏறத்தாழ 120 நாளில் மடிகிறது. அதற்கு ஈடாகப் புதிய அணுக்களை ஈன்றுகொண்டே இருப்பது எலும்பு மஞ்ஞையில் உறையும் குருதிக் குருத்தணு. தோலுக்கும் குடலுக்கும் அவ்வாறே தனித்தனிக் குருத்தணுக்கள் உண்டு. மூளைக்கோ, விழித்திரைக்கோ, இதயத் தசைக்கோ இழந்ததை ஈடுசெய்யும் குருத்து வளம் மிக அரிது. ஆகவேதான் அங்கே நேரும் இழப்பு மீளா இழப்பாகிறது.

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதனை வகுத்துரைத்தார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதையும் அவர் விரித்துரைத்தார். இளமை முதிர்ந்து செல்வதற்கு மரபு உண்டு. முதிர்ந்தது மீண்டும் இளமைக்குத் திரும்புவதற்கு மரபில் பெயரில்லை. அப்படி ஒன்று இயற்கையில் நிகழும் என்று எவரும் கருதாமையே காரணம். அப்பெயரில்லாத நிகழ்ச்சிதான் இன்று ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் நிகழ்த்தப்படுகிறது.

மலையிறங்கும் நீர்

முதிர்ச்சி என்பது ஒருவழிப் பாதை என்னும் கருத்தை வாடிங்டன் என்னும் பிரித்தானிய அறிஞர் 1957இல் ஓர் உருவகத்தால் விளக்கினார். மலைச்சரிவின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. அது உருண்டு இறங்கும்போது பள்ளத்தாக்குகள் கிளைகிளையாகப் பிரிகின்றன. ஒரு கிளையில் இறங்கினால் நரம்பணு. மற்றொன்றில் இறங்கினால் தோலணு. அடிவாரத்தை அடைந்த பந்து தானே மேலேறாது. பக்கத்துப் பள்ளத்திற்கும் தாவாது.

அண்ணாமலையின் அடியில் வாழ்வோர்க்கு இவ்வுருவகம் எளிதில் விளங்கும். உச்சியில் விழும் மழைத்துளி எந்தப் பக்கமும் ஓடலாம். ஓர் ஓடையைப் பற்றியபின் அதன் வழி உறுதியாகிவிடுகிறது. சமுத்திரம் ஏரியை அடைந்த நீர் மீண்டும் மலையுச்சிக்கு ஓடிப் போவதில்லை. ஆயினும் அந்நீர் ஆவியாகி, முகிலாகி, அதே உச்சியில் மழையாகப் பொழியக்கூடும். ஓடைவழி திரும்ப முடியாதது வான்வழி திரும்புகிறது. உயிரணுவுக்கும் அத்தகைய வான்வழி ஒன்று உண்டா என்பதே அறிஞரின் வினாவாக இருந்தது.

வினாவின் அடிப்படை இதுதான். கருவுற்ற ஒரே அணு பிளந்து பிளந்து பெருகுகையில், கண்ணணு ஆனதிலிருந்து இதயத்துக்குரிய செய்திகள் அழிக்கப்பட்டுவிட்டனவா? அல்லது அவை அங்கேயே இருந்தும் வாய் மூடிக் கிடக்கின்றனவா? அழிந்தது என்றால் மீட்சி இல்லை. மூடிக் கிடக்கிறது என்றால் திறக்கலாம்.

தமிழன்பர்க்கு இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. சீவக சிந்தாமணி 1887இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறும்வரை, பரண்களிலும் மடங்களிலும் கட்டுண்டு கிடந்தது. படிப்பாரற்றுக் கிடந்ததேயன்றி, அழிந்துவிடவில்லை. உயிரணுவின் உட்கருவிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் கொண்ட முழுச் சுவடியும் இருக்கிறது. கண்ணணு தனக்குரிய ஏடுகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, ஏனையவற்றை இறுகக் கட்டி வைக்கிறது. வேதியியல் முடிச்சுகளும், மரபிழையைச் சுருட்டி வைக்கும் புரதங்களும் அக்கட்டின் கயிறுகள்.

ஊமத்தை காட்டிய வழி

செடிகொடிகளிடத்தில் இவ்வினாவுக்கு விடை முன்பே இருந்தது. முருங்கைப் போத்தை ஒடித்து நட்டால் வேர்விடுகிறது. கிளையாக முதிர்ந்த பகுதி வேரை ஈன்றது எப்படி? ரணகள்ளியின் இலை மண்ணில் கிடந்தாலே ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்கின்றன. இவற்றை ஆராய்ந்து, கேரட் வேரின் முதிர்ந்த அணுக்களிலிருந்து முழுச் செடியையே வளர்க்கலாம் என்று 1958இல் ஸ்டூவர்டு என்னும் அறிஞர் காட்டினார்.

இத்துறையில் இந்தியரின் பங்கு பலரும் அறியாதது. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையைச் சேர்ந்த சிப்ரா குகா என்னும் பெண்மணியும் எஸ். சி. மகேசுவரியும், ஊமத்தை இனத்துச் செடி ஒன்றின் மகரந்தப் பைகளை ஊட்டக் கரைசலில் இட்டு வளர்த்தனர். மகரந்தத்தின் கடமை ஆண் பாலணுவைச் சுமந்து சென்று மடிவது. அக்கடமைக்கென முதிர்ந்துகொண்டிருந்த மணிகளிலிருந்து முளைக்கருக்கள் தோன்றின. முழுச் செடிகளும் வளர்ந்தன. இச்செய்தி 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. பின்னர் நெல், கோதுமை முதலிய பயிர்களில் புதுவகைகளை விரைந்து உருவாக்க இம்முறை உலகெங்கும் பயன்பட்டது. சிவபெருமான் சடையில் சூடும் மலர் என்று போற்றப்படும் ஊமத்தை, உயிரணு தன் வழியை மாற்றிக்கொள்ள இயலும் என்பதற்குச் சான்றாகவும் நின்றது எண்ணி மகிழத்தக்கது.

தவளையும் ஆடும்

விலங்குகளில் அவ்வாறு நிகழும் என்று நம்புவார் அப்போது அரியர். 1962இல் இங்கிலாந்தில் ஜான் கர்டன் என்னும் இளைஞர் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையிலிருந்து அதன் உட்கருவை நீக்கினார். தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து எடுத்த உட்கருவை அதனுள் வைத்தார். பெரும்பாலானவை வீணாயின. ஆனால் சில வளர்ந்து தவளைகளாயின. குடலாகப் பணிபுரிந்த அணுவின் சுவடியில் தவளை முழுவதும் எழுதப்பட்டிருந்தது. முட்டையின் சாற்றுக்கு அந்தச் சுவடிக் கட்டை அவிழ்க்கும் ஆற்றல் இருந்தது.

இந்தக் கர்டனைப் பள்ளிப் பருவத்தில் உயிரியல் ஆசிரியர் ஒருவர், இவன் அறிவியலாளன் ஆக நினைப்பது நகைப்புக்குரியது என்னும் பொருள்பட அறிக்கை எழுதி அனுப்பினார். கர்டன் அவ்வறிக்கையைச் சட்டமிட்டுத் தம் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். 2025இல் தம் 92ஆம் வயதில் மறையும்வரை ஆய்வுலகம் அவரைத் தந்தையாகப் போற்றியது.

1996 சூலை 5ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயது ஆட்டின் பால்மடி அணுவிலிருந்து உட்கரு எடுக்கப்பட்டது. 277 முயற்சிகளில் தேறியது அந்த ஒன்றே. பாலூட்டிகளுக்கும் விதி ஒன்றே என்பது தெளிவாயிற்று. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு முட்டை வேண்டியிருந்தது. 1998இல் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்க்க அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் வழி கண்டபோது வேறொரு சிக்கல் எழுந்தது. அதற்குத் தொடக்க நிலையிலுள்ள கருவைச் சிதைக்க வேண்டியிருந்தது. அறிவும் அறமும் அங்கே முட்டிக்கொண்டன.

நான்கு சாவிகள்

அம்முட்டுச்சந்தில் வழி திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. தையல் பொறி உறுப்புகள் செய்யும் சிறு தொழிற்சாலை நடத்தியவரின் மகன். எலும்பு அறுவை மருத்துவராகப் பயின்றார்; கத்தி பிடிக்கும் கை விரைவாக வரவில்லை. உடன் பணியாற்றியோர் அவர் பெயரைத் திரித்து, இடைஞ்சல் என்னும் பொருள்பட 'ஜமனாகா' என்று கேலி செய்தனர். அவர் ஆய்வுக்குத் திரும்பினார். முட்டையின் சாறு செய்யும் வேலையைச் சில மரபணுக்களே செய்துவிட முடியாதா என்று கேட்டார்.

கருக் குருத்தணுக்களில் விழித்திருக்கும் 24 மரபணுக்களைத் தேர்ந்தார். அவருடைய மாணவர் கசுதோஷி தகஹாஷி அவை அனைத்தையும் எலியின் தோலணுக்களுக்குள் செலுத்தினார். சில அணுக்கள் குருத்தாயின. பிறகு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். எதை நீக்கினால் குருத்து தோன்றவில்லையோ அதுவே இன்றியமையாதது. இறுதியில் நின்றவை நான்கே. 2006இல் எலியிலும், 2007இல் மனிதரிலும் இது மெய்ப்பிக்கப்பட்டது. மனிதர்க்கான ஆய்வில் பயன்பட்டவை 36 வயதுப் பெண்மணி ஒருவரின் முகத்தோல் அணுக்கள். முட்டையும் வேண்டவில்லை, கருவும் சிதையவில்லை. 2012ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. கர்டனின் தவளை ஆய்வு வெளிவந்த 1962ஆம் ஆண்டில்தான் யமனாகா பிறந்தார் என்பது சுவையான ஒற்றுமை.

இங்ஙனம் பெற்ற அணுவைத் தூண்டப்பட்ட பன்மைத்திறன் குருத்தணு என்பர். நீண்ட பெயர். மீள்குருத்தணு என்றால் மூன்று சொல்லின் சுமை ஒரு சொல்லில் அடங்கும். அவ்வாறு ஆக்கும் செயலை மீள்குருத்தாக்கம் எனலாம். இச்சொற்களை ஏற்பதும் திருத்துவதும் இவ்வவையின் உரிமை.

வல்லாள மகாராசன் கதை

முதிர்ந்தது குழவியாகும் கதை இத்தலத்திற்குப் புதியதன்று. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் வல்லாள மகாராசன் வரலாற்றைக் கூறுகிறது. பிள்ளைப்பேறற்ற அம்மன்னனை இறைவன் அடியார் வேடத்தில் வந்து சோதித்தார். இளைய அரசி சல்லமாதேவி தொட்ட அளவில், அடியார் வேடத்திலிருந்தவர் அழுங்குழவி ஆனார். மன்னன் ஓடிவந்து எடுத்து அணைத்தான். அணைத்த சிறிது பொழுதில் குழவி மறைந்தது. வருந்திய மன்னனுக்கு, மகனாயிருந்து இறுதிக் கடனைத் தாமே ஆற்றுவதாக இறைவன் அருளினார். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. கோயிலில் வல்லாள கோபுரமும் அவன் பெயரால் நிற்கிறது.

பக்தி உள்ளத்தோடு படிப்பார்க்கு இக்கதையின் பயன் வேறு. இலக்கிய நோக்கில் ஒன்று கவனிக்கத்தக்கது. குழவியானது அற்புதம். ஆயினும் மன்னனுக்குக் கிடைத்த வரம் குழவியன்று, குழவி நிலைக்கவில்லை. ஆண்டுதோறும் மகனாக நின்று கடன் ஆற்றுதலே வரம்.

மீள்குருத்தணுவைப் பற்றி அறியவேண்டிய மையச் செய்தியும் இதுவே. முதிர்ந்த அணு குழவியாவது மருத்துவம் ஆகாது. அக்குழவி முறையாக வளர்ந்து, நோயுற்ற உறுப்பில் மகனாக நின்று, இழந்த அணுவின் கடனை ஆற்றினால்தான் மருத்துவம்.

குழவி நிலையிலேயே உடலுக்குள் விட்டால் என்னாகும்? அது எந்த வழியிலும் வளரும். பல்லும் மயிரும் தசையும் கலந்த கட்டியாகத் திரளும். 2013இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் உயிருள்ள எலியின் உடலுக்குள்ளேயே அந்நான்கு மரபணுக்களையும் விழிக்கச் செய்தபோது, பல உறுப்புகளில் இத்தகைய கட்டிகள் தோன்றின. நான்கு சாவிகளுள் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. அதைக் கொண்டு ஆக்கிய குருத்தணுக்களிலிருந்து பிறந்த எலிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கட்டி கண்டது. ஆகவே வழிமுறை திருத்தப்பட்டது. இளமை என்பது கட்டுக்கடங்காத ஆற்றலும்கூட. வளர்ப்பு இல்லாத இளமை அழிவைத் தரும்.

கண், மூளை, கணையம்

வளர்ப்பு எவ்வளவு பொறுமையான பணி என்பதற்கு மூன்று சான்றுகள் போதும்.

2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில், விழித்திரை நடுப்பகுதி சிதைந்து பார்வை குன்றிய 70 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர்க்கு உலகின் முதல் மீள்குருத்தணுச் சிகிச்சை நடைபெற்றது. கண் மருத்துவர் மசாயோ தகஹாஷி தலைமை ஏற்றார். அம்மூதாட்டியின் தோலணு குருத்தாக்கப்பட்டு, விழித்திரையின் நிறமியணுத் தகடாக வளர்க்கப்பட்டுக் கண்ணுள் வைக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின்னும் தகடு உயிரோடிருந்தது. பார்வை மேலும் குன்றவில்லை, கூடவும் இல்லை. இரண்டாம் நோயாளிக்காக வளர்த்த அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும், 2015இல் ஆய்வாளர் தாமே பணியை நிறுத்தினர். ஈட்டிய புகழையும் செலவிட்ட பொருளையும் எண்ணாமல் கையை நிறுத்திக்கொண்ட அச்செயல், முதற்சிகிச்சையினும் உயர்ந்தது எனலாம். 2017இல் பிறர் கொடையாக அளித்த அணுக்களைக் கொண்டு பணி தொடர்ந்தது.

இரண்டாவது, மூளை. கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் மடிகின்றன. கியோட்டோப் பல்கலைக்கழகத்தார் மீள்குருத்தணுக்களை அவ்வணுக்களின் முன்னோடிகளாக வளர்த்து, ஏழு நோயாளிகளின் மூளையில் வைத்தனர். 2025 ஏப்ரலில் முடிவு வெளிவந்தது. கட்டி எதுவும் தோன்றவில்லை. வைத்த அணுக்கள் டோபமைன் சுரந்தன. பயன் மதிப்பிடப்பட்ட ஆறு பேருள் நால்வர்க்கு இயக்கம் ஓரளவு சீர்பட்டது.

மூன்றாவது, கணையம். சீனத்தின் தியான்ஜின் நகரில் முதல்வகை நீரிழிவு கொண்ட 25 வயதுப் பெண் ஒருவர்க்கு, அவருடைய கொழுப்புத் திசு அணுக்களையே வேதிப்பொருள்களால் குருத்தாக்கி, இன்சுலின் சுரக்கும் திட்டுகளாக வளர்த்து 2023இல் வயிற்றுத் தசையின் அடியில் வைத்தனர். 75ஆம் நாள் முதல் அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. ஆயின் அப்பெண் முன்பே கல்லீரல் மாற்றிக்கொண்டவர். உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்தை ஏற்கெனவே உட்கொண்டு வந்தவர். அம்மருந்தின்றி அத்திட்டுகள் நிலைக்குமா என்பதை அவ்வொருவரைக் கொண்டு சொல்லிவிட முடியாது. இக்குறிப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும்.

வேலூரில்

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று எண்ண வேண்டுவதில்லை. இவ்வூரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் அடையக்கூடிய வேலூரில் இப்பணி நடைபெறுகிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை, கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே 1986இல் எலும்பு மஞ்ஞை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. பிறரிடமிருந்து பெற்ற குருதிக் குருத்தணுவை நோயாளியின் உடலில் நடும் அச்சிகிச்சை, பிறவிக் குருதிச்சோகை கொண்ட பிள்ளைகள் பலரை வாழவைத்தது. மைய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை துணையோடு 2005இல் அங்குக் குருத்தணு ஆய்வு மையம் தோன்றியது. மரபுவழிக் குருதிநோய் உடையோரின் அணுக்களை மீள்குருத்தாக்கி, நோயின் வேரை ஆய்வுத் தட்டிலேயே கண்டறியும் பணியும் அம்மையத்தில் நடைபெறுகிறது.

2024 திசம்பரில் அம்மையத்தாரின் ஆய்வுரை ஒன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. ஹீமோஃபிலியா என்னும் குருதி உறையா நோயில், எட்டாம் காரணி என்னும் புரதம் பிறவியிலேயே குறைவு. சிறு காயமும் நில்லாது ஒழுகும். மூட்டுக்குள் குருதி கசிந்து முடமாக்கும். மருத்துவர் அலோக் ஸ்ரீவத்சவா தலைமையிலான குழுவினர், அமெரிக்காவின் எமரிப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, நோயாளிகளின் குருதிக் குருத்தணுக்களையே வெளியே எடுத்து, அப்புரதத்துக்குரிய மரபணுவை அவற்றுள் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்தினர். ஐவர்க்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம். அக்காலத்தில் ஒருவர்க்கும் குருதிக் கசிவு நேரவில்லை.

இது மீள்குருத்தாக்கம் அன்று. உடலில் ஏற்கெனவே உள்ள குருத்தைத் திருத்தி நடுதல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது. குருத்து கிடைக்கும் இடத்தில் அதைத் திருத்தி நடலாம். குருத்தே கிடைக்காத இடத்தில்தான் முதிர்ந்ததைக் குருத்தாக்க வேண்டும். வேலூரில் இரு வழிகளிலும் ஆய்வு நடக்கிறது. அவற்றுள் முதல் வழி நோயாளியின் படுக்கையை எட்டிவிட்டது. இரண்டாம் வழி இன்னும் ஆய்வுத் தட்டில் இருக்கிறது. இவ்வளவே உண்மை. இவ்வுண்மையே பெருமிதம் கொள்ளப் போதுமானது.

விளம்பரச் சந்தை

உண்மை இவ்வாறிருக்க, சந்தையில் கேட்கும் குரல் வேறு. முதுகுத்தண்டு முறிவு, மூட்டுத் தேய்வு, நீரிழிவு, பிள்ளைகளின் மதியிறுக்கம், முதுமை ஆகிய அனைத்துக்கும் ஒரே குருத்தணு ஊசி என்று விளம்பரங்கள் கூவுகின்றன. மருந்தற்ற நோயுடைய பிள்ளையின் தாய் அந்த விளம்பரத்தை எப்படிப் படிப்பாள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நகையும் நிலமும் அங்கே கரைகின்றன.

பணத்தோடு போனால் ஓரளவு தாங்கலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் தம் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணில் ஊசியாகப் பெற்ற மூன்று பெண்மணிகள் பார்வையை இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. மூவர்க்கும் இரு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போடப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் 5,000 டாலர் செலுத்தியிருந்தனர். கோபேயில் நோயாளியின் கண்ணைத் தொடுமுன் அணுக்களைச் சோதித்துக் கை நிறுத்தியோரையும், இவ்வூசி போட்டோரையும் ஒரே பெயரால் அழைப்பது மொழிக்கு இழுக்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், குருதி தொடர்பான நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஞ்ஞை மாற்று போன்றவை நீங்கலாக, ஏனைய குருத்தணுச் சிகிச்சைகளை வழக்கமான மருத்துவமாக அளிக்கலாகாது என்று கூறின. ஒப்புதல் பெற்ற ஆய்வின் பகுதியாகவே அவற்றைச் செய்யலாம். ஆய்வில் சேர்வோரிடம் கட்டணம் பெறலாகாது. மதியிறுக்கத்திற்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இல் தெரிவித்தது.

ஆகவே யாரேனும் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தால் நான்கு வினாக்கள் கேட்டல் வேண்டும். எந்த அணு, யார் உடலிலிருந்து எடுத்தது? அது எந்த அணுவாக வளர்க்கப்பட்டபின் உடலுக்குள் செல்கிறது? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? ஆய்வென்றால் பணம் எதற்கு? இந்நான்குக்கும் நேரான விடை வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நலம்.

கவிஞர் கடன்

தமிழ்ப் புலவர் மருத்துவத்திற்குப் புறம்பானவர் அல்லர். திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சித்தர் மரபில் காயகற்பம் பற்றிய நூல்கள் எழுந்தன. இளமை மீளும் என்னும் ஏக்கம் இம்மொழியில் நெடுங்காலமாக உறைந்திருக்கிறது. அந்த ஏக்கத்தைத்தான் விளம்பரம் இன்று விலை பேசுகிறது. ஆதலின் ஏக்கத்தைப் பாடத் தெரிந்தவர்க்கு, மெய்யான மீட்சியையும் பொய்யான மீட்சியையும் பிரித்துக் காட்டும் கடனும் உண்டு.

குருத்தணு என்னும் சொல்லைக் கவிதையில் ஆள்வோர் அதன் இரு பாதியையும் ஆளுதல் வேண்டும். கட்டுண்ட சுவடி அழிவதில்லை, முதிர்ந்த உயிருக்குள்ளும் தொடக்கம் உறங்குகிறது என்பது ஒரு பாதி. இப்பாதி பாடுவதற்கு எளிது, கைதட்டலும் கிடைக்கும். திரும்பிய குழவி மீண்டும் முறையாக முதிர்ந்து கடன் ஆற்றவேண்டும் என்பது மறுபாதி. அது பாடுவதற்கு அரிது. அதைப் பாடினால்தான் வேலூர்ப் படுக்கையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நோயாளிக்கும், தட்டின்முன் கண் விழித்துக் காத்திருக்கும் ஆய்வாளர்க்கும் தமிழ் துணை நிற்கும்.

தெருமுனையில் நின்று ஒரு தாய் கேட்கும் வினாவுக்கு விளங்கும் தமிழில் விடை சொல்லத்தக்க சிறு நூல் ஒன்றை, மருத்துவரும் கவிஞரும் ஒன்றாக அமர்ந்து எழுதுவது இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்குத் தகுந்த பணியாகும். மீள்குருத்தணு என்னும் சொல் நிலைத்தாலும் சரி, அதனினும் நல்ல சொல் இவ்வவையில் பிறந்தாலும் சரி, அச்சொல் விலைக்குரிய சொல்லாகாமல் விளக்கத்துக்குரிய சொல்லாக வாழ்தல் வேண்டும்.

பத்தாண்டு முதிர்ந்த இவ்வட்டம் ஆண்டுதோறும் புதுக்குருத்து விட்டு வளர்க என வாழ்த்தி இவ்வுரை நிறைவு பெறுகிறது.